அப்படி ஒரு பையன் இங்கே இல்லை

1

சார்ஜாவில் எங்கள் அறைக்கதவின் பின்னால் ஒரு ஆணி. அதில் என் விமான நிலைய அடையாள அட்டை தொங்குகிறது. போன வெள்ளிக்கிழமையோடு அது அங்கே தொங்க ஆரம்பித்து ஒரு வருஷம். அறைத்தோழன் ஷாஜி, ஆற்றிங்கல்காரன், ஒரு சின்ன கேக்கை வாங்கிவந்து அட்டைக்கு நேரே ஸ்டூல் போட்டு வைத்தான். மெழுகுவத்தி வேறு.

"எடா கேப்டன், ஒரு வருஷமா நீ மனுஷனாயிட்டு. வா, வெட்டு."

"நான் கேப்டன் இல்லடா. துணை விமானி."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆகாசத்துல போறவன் கேப்டன். வெட்டு, வயிறு விசக்குது."

அட்டையில் இருக்கும் என் போட்டோ புதிதாகப் பிடிபட்ட பைக் திருடன் மாதிரி இருக்கும். அதன் கீழே பெயர்: ராஜேஷ் சுடலைமுத்து. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே கேக் தின்றேன். பாதியில் இறங்கவில்லை. ஷாஜி மீதியை முடித்தான்.

திருவனந்தபுரத்தில் நான் படித்த பறக்கும் பள்ளியின் ஜூனியர் பசங்க தினமும் மெசேஜ் போடுகிறார்கள். "சேட்டா, பேக்ரவுண்ட் செக்குக்கு எப்படி பிரிப்பேர் பண்றது?" கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவேன். இன்றைக்கு டியூட்டி இல்லை. வெளியே புழுதிக்காற்று, ஜன்னல் எல்லாம் பழுப்பு. அதனால் முழுசாக எழுதுகிறேன். வீடியோ போடுகிற அண்ணன்மார் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

2

முதலில் அவர்கள் சொல்கிற விஷயங்கள். இண்டர்வியூ, சிமுலேட்டர், மெடிக்கல் எல்லாம் பாஸ் ஆகிவிட்டால் வேலை கிடைத்துவிட்டதாக ஸ்டேட்டஸ் போடாதீர்கள். நான் போட்டேன், பல்ப் வாங்கினேன். கடைசியாக ஒரு பூட்டு இருக்கிறது. நீங்கள் நீங்கள்தான் என்று வேறு யாராவது சொல்ல வேண்டும். அது முடியாமல் விமான நிலைய பாஸ் கிடையாது. பாஸ் இல்லாத விமானி, விமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

நான் செமத்தியாகத் தயாரானேன். தங்கிய விலாசங்கள் எல்லாம் ஒரு இடைவெளி விடாமல். வேலையில்லாமல் சும்மா திரிந்த மாதங்களுக்குக்கூட, "ஆமாம், இவன் சும்மாதான் திரிந்தான்" என்று சொல்ல ஒரு ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் எஸ். ராஜேஷ், பாஸ்போர்ட்டில் ராஜேஷ் சுடலைமுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வஞ்சியூர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் சத்தியப் பத்திரம். போலீஸ் கிளியரன்ஸ். பறந்த மணிக்கணக்கைப் பள்ளியின் கணக்கோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்துகொண்டேன். படிப்பு முடிந்ததிலிருந்து சார்ஜாவில் சரக்கு எடை சரிபார்க்கும் வேலையில் இருந்தேன், அதற்கு மேனேஜரிடம் கடிதம். எங்கள் இன்ஸ்ட்ரக்டரைத் திட்டிப் போட்ட பழைய பதிவுகளை மட்டும் அழித்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: உங்களுக்கு வேறு ஏதாவது பெயர் உண்டா? இல்லை என்று டிக் அடித்தேன்.

உண்டு. வீட்டில் என் பெயர் தவிடு. அரிசித் தவிடு, மாட்டுக்குப் போடுவது. அம்மா என்னைப் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். ராஜேஷ் என்பது எஸ்டேட் பள்ளி வாத்தியார் வைத்தது. சேர்க்கப் போன அன்று பையன் பேர் என்ன என்று அவர் கேட்க, "நீங்களே ஏதாவது எழுதிக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போய் நின்றுகொண்டாளாம். சம்பளம் வாங்கப்போகிற துணை விமானி எவனாவது தவிடு என்று எழுதுவானா?

நிரந்தர விலாசம்: போனக்காடு. திருவனந்தபுரம் பக்கம் வித்துராவிலிருந்து காட்டுவழியே மேலே ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கொழுந்து கிள்ள வந்த குடும்பம் எங்களுடையது. இப்போது ஃபேக்டரி ஓடவில்லை. லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அரசு உதவித்தொகையில் நான் விமானம் ஓட்டப் படித்து வெளியே வந்தேன். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா மட்டும் அங்கேயே. வித்துராவில் வீடு பார்க்கிறேன் என்றால், "இங்க ரெண்டு பேரு கிடக்காங்கல்லா, அவங்கள விட்டுட்டு எங்க வர?" என்பாள். எனக்கு முன்னால் பிறந்து இறந்துபோன இரண்டு அண்ணன்மார். நான் பார்த்ததில்லை. லயத்துக்குப் பின்னால் ஈட்டி மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் தயார் செய்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பேக்ரவுண்ட் செக் என்பதை அவளுக்குத் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அறையில் ஷாஜியோடு மலையாளம், கடையில் இந்தி, வேலையில் இங்கிலீஷ். தமிழ் அம்மாவிடம் மட்டும்தான், அதுவும் "சாப்ட்டியா, தூங்கு" அளவுக்கு.

3

மெயில் வந்தது. பின்னணி விசாரிக்கும் ஏஜென்சி, தன் ஆளைப் போனக்காட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அவன் எழுதியதன் சாரம் இரண்டே வரி. ஒன்று, வீட்டில் இருந்த பெண், இந்தப் பெயரில் தனக்கு மகன் கிடையாது, அப்படி ஒருவனைத் தெரியாது என்றார். இரண்டு, பக்கத்து வீட்டுப் பெண், அவன் தன் பிள்ளை என்றும், கைக்குழந்தையாக இருக்கும்போதே விலை கொடுத்து வாங்கியதாகவும் சொன்னார்.

கீழே கம்பெனியின் கேள்வி: குழந்தை விற்பனை தொடர்பாக ஏதேனும் வழக்கு உண்டா? அடுத்த பயிற்சி வகுப்பு தொடங்குவதற்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் வேலை ரத்து.

ஷாஜி படித்துவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். "எடா, நீ ஆரா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

4

லயத்தில் சிக்னல் வருவது ஒரே ஒரு ஜன்னலில். அம்மா போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்த ஜன்னல் ஆணியில் மாட்டிவைத்திருப்பாள். பேசவேண்டுமென்றால் அதன் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் நிற்கவேண்டும். நான் கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மூன்றாவது தடவை எடுத்தாள். எப்போதும் அப்படித்தான். தூரத்திலிருந்து ஓடிவருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா, வீட்டுக்கு ஒருத்தன் வந்தானா?"

"வந்தான்லே. மஞ்சு எறங்கி முத்தமே தெரியாத நேரம். வெளிய நின்னு ஒன் பேரச் சொல்லி விளிச்சான். பள்ளிக்கூடத்துப் பேரு, அப்பா பேரு, எல்லாம் சேத்து."

"நீ என்ன சொன்ன?"

"அப்படி ஒரு பையன் இங்க இல்லேன்னேன்."

"எம்மா! அவன் என் வேலைக்கு விசாரிக்க வந்தவன். உனக்குப் பைத்தியமா?"

பின்னால் மழை தகரத்தில் விழும் சத்தம்.

"மூத்தவன் இருந்தப்போ இப்பிடித்தான்லே. மஞ்சு. வெளிய நின்னு ஒருத்தன் பேரச் சொல்லி விளிக்கான். ரெண்டு வாட்டி. ஒம் புள்ளதானான்னு கேக்கான். ஆமா, எம் புள்ளதான், உள்ள கிடக்கான்னேன். கதவத் தொறந்தா ஆளில்ல. அந்த வாரத்துலயே காய்ச்சல். ரெண்டாமவனுக்கும் அதே. அதே குரலு. நான் அப்பவும் எம் புள்ளதான்னு சொல்லிட்டேன். புத்தி இல்ல எனக்கு."

எனக்குத் தெரியாத கதை. அண்ணன்மார் காய்ச்சலில் போனார்கள் என்று மட்டும் தெரியும். காய்ச்சலுக்கு முன்னால் ஒரு குரல் இருந்தது தெரியாது.

"அதான் ஒனக்குப் பேரு வைக்கல. பெத்த அன்னிக்கே பக்கத்து வீட்டு ஞானம்மா கையில குடுத்து, அவ மொறத்துல தவிடு அளந்து போட, வித்துட்டேன். நீ அவ புள்ள. எங்கிட்ட வளருத. நான் இதுவரைக்கும் ஒன்ன எம் மவன்னு யாருகிட்டயும் சொன்னதில்ல, கேட்டியா? ஒன்கிட்டயும்."

பிள்ளைகள் தங்காத வீட்டில் தவிட்டுக்கு விற்பது நம்மவர்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். தவிடு விலை பெறாத பொருள், அந்தப் பிள்ளையும் விலை பெறாதது, எடுக்க வருகிறவன் ஏமாந்து போவான் என்று கணக்கு. எனக்கும் அது கேலியாகத் தெரிந்த கதை. ஆனால் இருபத்தாறு வயசு வரை அவள் என்னை மகன் என்று சொன்னதே இல்லை என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. கூப்பிட்டதெல்லாம் எலே, தவிடு, ஏ தொரை. யோசித்துப் பாருங்கள், உங்கள் அம்மா அந்த வார்த்தையைச் சொல்கிறாளா இல்லையா என்று நீங்கள் என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா?

"எம்மா, நீ அவங்ககிட்ட சொல்லியாகணும். இல்லேன்னா வேலை போச்சு."

"வேல போனா வேற வேல," என்றாள். மழை அதிகமாகி லைன் விட்டுப்போனது.

5

சரக்கு வேலை மேனேஜரிடம் லீவு கெஞ்சி வாங்கி ஊருக்குப் பறந்தேன். பயணியாக, நடு சீட்டில். ஏஜென்சியின் திருவனந்தபுரம் ஆபீசில் ஏசிக் குளிரில் பல் கிட்டியது. போனக்காட்டுக்கு வந்த ஆளே அங்கே இருந்தான். அனீஷ், என் வயசு, தாடைக்குக் கீழே ஹெல்மெட் பட்டைத் தடம்.

"சேட்டா, என் தப்பல்ல. அம்மை பறஞ்சதை எழுதினேன். அந்த மத்த சேச்சி, 'நான் வாங்கின பையன்'னு நெஞ்சுல அடிச்சுப் பறயுது. நான் என்ன எழுத?"

இன்னொரு தடவை வரச் சம்மதித்தான். ஆனால் நான் வீட்டில் இருக்கக்கூடாது. அம்மா தன் வாயால் சொல்லவேண்டும். இதற்குமேல் மூன்றாவது விசாரணை என்று ஒன்று கிடையாது.

அன்றைக்கே வித்துரா பஸ்ஸில் ஏறினேன். வித்துராவிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, இதுதான் கடைசி வாய்ப்பு என்றேன். அவள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போல. குரல் கரகரப்பாக இருந்தது.

"சொல்லணும்னா சொல்லலாம். ஆனா வித்த பொருள எம் பொருள்னு எப்பிடிச் சொல்ல? ஞானம்மாகிட்ட திருப்பி வாங்கணும். தவிடு வேணும். இங்க மாடும் இல்ல, தவிடும் இல்ல. வாங்கிட்டு வா."

இப்படித்தான் வித்துரா சந்தையில் மாட்டுத்தீவனக் கடையில் நின்று, பைலட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தவிடு கேட்டேன். கடைக்காரர் எத்தனை பசு என்றார். பசு இல்லை என்றேன். பின்னே யாருக்கு என்றார். எனக்கு என்றேன். மறுபேச்சு பேசாமல் கட்டிக்கொடுத்தார். என் விலையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனக்காடு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வளைவு வளைவாக ஏறும்போது சட்டையெல்லாம் தவிடு உதிர்ந்தது.

ஞானம்மா பெரியம்மா அடுத்த வீடு. சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அம்மாவோடு உள்ளே நுழைந்ததும் தவிட்டை முகர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அளந்தது ஒரு மொறம். அது கைப்பிள்ளைக்கு உள்ள வெல. இப்போ பைலட்டு. வெல கூடும்டீ."

"ஏ ஞானம்மா, வெளையாடாத," என்றாள் அம்மா.

"நான் வெளையாடலேடி. இவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான்தான் கூட இருந்தேன், நீ வாசல் தாண்டல, ஒன் புள்ளன்னு தெரிஞ்சிரும்னு. எம் புள்ளதான் இவன்." முறத்தை நீட்டினாள். அம்மா தவிட்டைக் கொட்டினாள். பெரியம்மா என் தலையைப் பிடித்து அம்மா பக்கம் தள்ளினாள், எருமைக் கன்றைத் தள்ளுவது மாதிரி. "கொண்டு போ. சேதம் வந்தா நான் பொறுப்பில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன்பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

6

மறுநாள் மதியம் அனீஷ் வருவதாக ஏற்பாடு. நான் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம். சாப்பிட்ட கை காயவில்லை, மஞ்சு இறங்கிவிட்டது. போனக்காட்டில் மஞ்சு வந்தால் முதலில் ஃபேக்டரி போகும், அப்புறம் மரங்கள், அப்புறம் முற்றம். மேகத்துக்குள் எத்தனையோ தடவை விமானம் ஓட்டியிருக்கிறேன். அங்கே கருவிகள் உண்டு. இங்கே ஒரு ஜன்னல்தான்.

"ராஜேஷ் சுடலைமுத்து."

வெளியேயிருந்து. ஆண்குரல். நிதானமாக, தெளிவாக.

"வந்துட்டான்," என்றேன் பெரியம்மாவிடம்.

சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"ராஜேஷ் சுடலைமுத்து."

இந்தத் தடவை பக்கத்தில். அம்மா வீட்டு வாசல் அல்ல, இந்த வீட்டு வாசல். பதில் சொல்ல வாய் தானாகத் திறந்தது. பெயர் சொன்னால் பதில் சொல்லித்தானே பழக்கம்? பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் காய்ந்த விரல்கள், கம்பி மாதிரி.

"இரு. மூணாவது வாட்டி விளிக்கட்டும். அதுன்னா ரெண்டு வாட்டிக்கு மேல விளிக்காது."

காத்திருந்தோம். மூன்றாவது வரவில்லை. தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்போது அம்மா வீட்டு ஜன்னலில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மூன்றாவது தடவை அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மே, நான் அனீஷ். பஸ் செக்போஸ்ட் பக்கம் நிக்குது. ரோட்டுல காட்டு ஆனை. அர மணிக்கூர் ஆகும், கேட்டோ."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வீம்புக்கு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். முற்றத்தில் யாரும் இல்லை. அம்மாவின் கோழிகள் மட்டும் பலா மரத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. ஈட்டி மரம் இருக்கும் பக்கம். ஒரு கோழிகூடக் கொத்தவில்லை, கொக்கரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏரோடைனமிக்ஸில் எனக்கு வகுப்பில் முதல் மார்க், தெரியுமா? அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை.

அரை மணிக்கூர் என்றவன் அதற்கும் மேலே எடுத்துக்கொண்டான். செருப்பு சரசரவென்று வந்தது. இருமல். போனில் ஏதோ பாட்டு. இது ஆள்தான் என்று தெரிந்தது. ஆனால் அம்மாவுக்கு?

"ராஜேஷ் சுடலைமுத்துவோட வீடு அல்லே?"

பதில் இல்லை.

"அம்மே? ராஜேஷ் சுடலைமுத்து?"

"இன்னொரு வாட்டி விளி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"எந்தா?"

"அவன் பேர இன்னொரு வாட்டி சொல்லி விளி."

அனீஷ் சிரித்துவிட்டான். "ராஜேஷ் சுடலைமுத்து! போதுமா அம்மே?"

தாழ்ப்பாள் விலகும் சத்தம். அனீஷ் கேள்வியை வாசித்தான், இந்த ராஜேஷ் உங்களுக்கு ஆரு என்று. பெரியம்மா இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. சொல்லாதே என்று எனக்குள் ஒருவன் சொன்னான். நான்தான். வேலை போனால் போகட்டும் எம்மா, சொல்லாதே.

"எம் மவன்," என்றாள் அம்மா. "நான் பெத்தேன். மூணாவதா பெத்தேன். முந்துன ரெண்டும் போச்சு. இவன் இருக்கான். எழுதிக்கோ."

"வாங்கின பையன்னு பக்கத்து வீட்டுச் சேச்சி..."

"வித்திருந்தேன். நேத்து திருப்பி வாங்கிட்டேன்."

அனீஷ் கொஞ்சம் யோசித்தான். "அது எழுதண்டாம்," என்றான். போட்டோ எடுத்தான். போனான்.

நான் போய் வாசலில் நின்றேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மஞ்சுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல விளிச்சிட்டுப் போனவனும் நான் சொன்னதக் கேட்டிருப்பான்லா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

7

ஆக, ஜூனியர் மக்களே. பேப்பர் எல்லாம் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெயர் இருந்தால், எவ்வளவு மொக்கையாக இருந்தாலும், எழுதிவிடுங்கள். நான் பிறகு திருத்தி எழுதிக்கொடுத்தேன். கம்பெனியின் கணினியில் இப்போது நான் ராஜேஷ் சுடலைமுத்து என்கிற தவிடு. விசாரிக்க ஆள் வருவான் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் வாயால் எதைச் சொல்லவேண்டியிருக்கும் என்று மட்டுமல்ல, அதைச் சொல்ல அவர்களுக்கு என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

எனக்கு ஒரு பழக்கம் தொற்றிவிட்டது. பயிற்சி அறையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவேன். காது டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், நார்மல்.

விமானம் இறங்கி எஞ்சின் அணைத்ததும், எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிடுவேன். இரண்டு தடவை அடித்து நிற்கும். மூன்றாவதுக்கு எடுப்பாள். இறங்கிட்டேன் என்பேன். சரி என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

கேக் வெட்டிய அன்று காலை ஓமான் சலாலாவிலிருந்து வந்து இறங்கினேன். வழக்கம்போலக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, உடனே எடுத்துட்ட?"

"இப்பத்தானலே ரெண்டு வாட்டி விளிச்ச? மூணாவதுக்குத்தான் காத்துட்டு நிக்கேன்."

"நான் இப்பதான்மா கூப்பிடுறேன். முதல் தடவை."

"போன்ல இல்லலே. வெளிய நின்னு." குரலைத் தாழ்த்தினாள். "ஒன் குரலுதான். லீவுல வந்துட்டியோன்னு நெனச்சேன். மஞ்சா இருக்கு, ஒண்ணும் தெரியல."

பஸ்ஸில் மற்றவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

"எம்மா, கதவத் தொறந்தியா?"

"தொறக்கல. நீ சொல்லு. நீ யாரு?"

"தவிடும்மா."

"அது இல்ல. யாரு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"உன் மகன்."

"ஆமா," என்றாள். அப்புறம் முகத்தைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டாள் போலிருக்கிறது, குரல் தள்ளிப்போய்ப் பெரிதானது. எனக்குச் சொன்னது மாதிரி இல்லை. இனிமேல் ஒளிப்பதில்லை, வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கட்டும் என்று சொன்னது மாதிரி இருந்தது.

"எம் மவன்தான்!"